வசனமில்லாத நாடகமும் கும்மிடிப்பூண்டி பாசஞ்சரும்

பினாங்கிலிருந்து கப்பலேறி வருகிறவர்கள் பழனிக்குப் போவார்கள், ராமேஸ்வரம் போவார்கள், திரும்பும்போது காஞ்சிபுரத்தில் புடவை எடுப்பார்கள். நான் திருவள்ளூருக்குப் போகிறேன் என்றதும் பக்கத்துப் படுக்கையில் இருந்த அம்மாளின் முகம் வாடிவிட்டது. "வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று மெதுவாகக் கேட்டார். அந்த ஊர்ப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டு குளத்தில் வெல்லம் கரைத்தால் நோய் தீரும் என்பது கடல் கடந்தும் தெரிந்த விஷயம். "எனக்குத்தான்" என்றேன். பாவம், அன்றிலிருந்து தன் பங்கு ஆரஞ்சுப் பழத்தையும் எனக்கே கொடுத்துக்கொண்டு வந்தார்.

என் நோய் ஒரு நாடகம். பெயர் 'ரெண்டாம் சங்கு'. தொடக்கத்திலிருந்து முடிவு வரை பாட்டு, ஒரு சொல் வசனம் கிடையாது. ராஜா இல்லை, ராணி இல்லை, சாமியும் இல்லை. இரும்புத் தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்டுக்குப் போன புருஷனுக்காக பார்வதி என்ற பெண் விடிகாலையில் காத்திருக்கிறாள். முதல் சங்கு ஊதுகிறது, அவன் வரவில்லை. ரெண்டாம் சங்கும் ஊதிவிடுகிறது. அதற்குமேல் கதை கிடையாது. பாட்டு வரிகளைத் திருவள்ளூரில் இருந்த என் சித்தப்பா மகன் தங்கவேலு எழுதித் தபாலில் அனுப்புவான். நான் பள்ளிக்கூடம் விட்டபின் அங்கிருந்த பழைய பியானோவில் உட்கார்ந்து மெட்டுப் போடுவேன். இப்படியே மூன்று வருஷம் ஓடியது.

பினாங்கில் எங்கள் சங்கத்தின் ஆண்டுவிழாவில் இதைப் போட வேண்டுமென்று கேட்டேன். தலைவர் மளிகைக்கடைக்காரர், நல்ல மனிதர், ஆனால் எதையும் நிறுத்துப் பார்த்துத்தான் எடுப்பார். "டீச்சர், ஊரில் ஒருமுறை ஆடிவிட்டு வாருங்கள். ஜனங்கள் கடைசிவரை உட்கார்ந்திருந்தால் மேடை உங்களுக்கு. பாதியில் எழுந்து போனால் வழக்கம்போல முருகன் நாடகம்" என்று சொல்லிவிட்டார். எங்களுக்கு எதுவும் ஊரில் ஓடிவிட்டு வந்தால்தான் மதிப்பு. அதோடு விடவில்லை. அவருக்கும் திருவள்ளூரில் ஒரு பிரார்த்தனை பாக்கி இருந்ததால், அமாவாசைக்கு வந்து தானே கண்ணால் பார்த்துவிடுவதாகச் சொன்னார். எழுபதுகளின் நடுவில் ஒரு பள்ளி விடுமுறையில் நான் புறப்பட்ட கதை இதுதான்.

திருவள்ளூர் ஸ்டேஷனில் தங்கவேலு நின்றிருந்தான். கோர்ட்டில் குமாஸ்தா. உடம்பைவிடக் குரல் பெரியது, அதனால் நாடகத்தில் பார்வதியின் அப்பா அவன்தான். என் பெட்டியைத் தூக்கியவன் மறுபடி கீழே வைத்துவிட்டான்.

"இன்னாக்கா, இம்மாங்கனம் கனக்குது? தங்கம் கிங்கம் கடத்தியாந்துட்டியா?"

"எல்லாம் பாட்டுத் தாள்டா" என்றேன்.

"தங்கமா இருந்தா வெல போவும்" என்று சொல்லிக்கொண்டே தலையில் ஏற்றிக்கொண்டான்.

கோர்ட்டு எதிரில் காபி வாங்கித் தந்தான். எங்கள் பினாங்குக் கோப்பி கறுப்பாக, கெட்டியாக, அடியில் டின்பால் தங்கி நிற்கும். இங்கே ஒரு முழம் உயரத்திலிருந்து ஆற்றி, பாதி டம்ளர் நுரையாகக் கொடுக்கிறார்கள். நுரையை விலக்கிக் காபியைத் தேடிக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்த காபி பிரமாதம் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆர்மோனியம் வரதன். கோயில் கைங்கரியக் குடும்பத்துப் பிள்ளை. தகப்பனார் பெருமாள் முன்னால் பாசுரம் சேவிக்கிறவர். இவன் காலையில் அவரோடு நின்று சேவித்துவிட்டு, மாலையில் ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். எந்த மெட்டையும் ஒரு தரம் கேட்டால் போதும். பிடிக்காவிட்டால் விரலை எடுத்துவிட்டு நம்மையே பார்ப்பான். என் முதல் பாட்டைக் கேட்டதும் அப்படித்தான் பார்த்தான்.

"டீச்சர், ஒரு ராகத்தைப் பிடிச்சு நடு ரோடு வரைக்கும் கூட்டிண்டு போறேள். அங்கேயே விட்டுட்டு வேற ஒண்ணோட கிளம்பிடறேள். இது நியாயமா?"

"பார்வதியின் மனசு அப்படித்தான் அலைகிறது" என்றேன்.

"மனசு அலையட்டும். சுருதி எதுக்கு அலையணும்?" என்றான். ஆனால் மறுநாள் வந்தபோது முழுப் பாட்டும் அவன் விரலில் இருந்தது. பார்வதியின் புருஷனோடு வேலை செய்யும் கூட்டாளியின் வேஷத்தையும் பாடிக்கொண்டே வாசிக்கச் சம்மதித்தான்.

பார்வதிதான் கும்மிடிப்பூண்டியில் இருந்தாள். ரோசம்மா என்று பெயர். ஆரம்பாக்கத்துப் பெண். தகப்பனார் காலம் வரை பிறத்தியார் வயலில் கூலி வேலை. இவள் தலைமுறையில் ஃபேக்டரிக்கு வந்துவிட்டார்கள். புதிதாக வந்த ஒரு சின்னத் தொழிற்சாலையில் போல்ட்டுகளைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாடுவாள். ஒரு கல்யாணத்தில் அவள் பாடிக் கேட்டுவிட்டுத்தான் தங்கவேலு எனக்கு எழுதினான். அவன் எழுதியது குறைவு. அந்தப் பெண் வாயைத் திறந்தால் கேட்பவனுக்குச் சொந்தக் கவலை ஒன்று ஞாபகம் வந்துவிடும்.

அவள் ஷிப்ட் முடியும் நேரத்துக்கு நாங்கள் ரயிலேறி, மெட்ராஸில் வண்டி மாறிப் போய்விடுவோம். ஒத்திகை நடந்தது கூரை போடாத ஒரு கோடவுனில். நாலு பக்கமும் சுவர், மேலே வானம், காலுக்குக் கீழே சவுக்குத்தோப்பு மணல். பினாங்கில் விசிறிக்குக் கீழே, மெழுகு தேய்த்த தரையில் ஒத்திகை பார்த்துப் பழகியவள் நான். இங்கே வாயைத் திறந்தால் இரும்புத்தூள் பறந்து வந்து நாக்கில் உட்கார்ந்தது. டீக்கடையில் இட்லியும் வடைகறியும் கிடைத்தது. அதை நாஷ்டா என்றார்கள், சாயங்காலத்திலும் அதற்கு நாஷ்டா என்றுதான் பெயர். வடைகறிக்கு ஈடாகச் சொல்ல பினாங்கில் எங்களிடம் ஒன்றும் இல்லை. வருத்தத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

ஒத்திகையின் நடுவில் ஃபேக்டரிச் சங்கு ஊதும். வரதனுக்குக் கோபம் வந்துவிடும். "இந்தச் சங்கு சுருதியிலயே இல்லை" என்பான். ரோசம்மா சிரிக்காமல், "அது ஷிப்டுல கீது சாமி" என்பாள். எனக்கு அவளோடு வேறொரு தகராறு. நான் எதிரே நின்று கையை அசைத்துத்தான் காலம் காட்டுவேன். மேற்கத்திய இசைக் குழுவில் அப்படித்தான் என் ஆசிரியர் பழக்கியிருந்தார். இவள் தரையைப் பார்த்தே பாடுவாள்.

"ரோசம்மா, என் கையைப் பார்."

"பாத்தா சிரிப்பு வருதுக்கா. கொசு ஓட்ற மாதிரியே கீது."

சிரித்து முடிக்கட்டும் என்று விட்டேன். ஒரு வாரம் சிரித்தாள். அதன்பின் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

எல்லாம் இப்படிச் சீராகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் ஆர்மோனியம் ஆந்திராவுக்குப் புறப்பட்டுவிட்டது. ஆந்திரா வரை போகிற வண்டிதான் எங்கள் வாயில் கும்மிடிப்பூண்டி பாசஞ்சர். அதில் ஏறுவது ஒரு வித்தை, இறங்குவது அதைவிடப் பெரிய வித்தை. அன்றைக்கு மீன் கூடைக்காரப் பெண்கள் வண்டியை நிறைத்திருந்தார்கள். நான் குதித்தேன், தங்கவேலு குதித்தான், வரதன் தள்ளப்பட்டு விழுந்தான். கூடைகளுக்கு அந்தப் பக்கம் இருந்த ஆர்மோனியத்தை எடுப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. வரதன் இரண்டு கையையும் நீட்டியபடி பிளாட்பாரத்தில் நின்றான். கொடி காட்டிவிட்டு வந்த ரயில்வே ஆள், "இத்த வுட்டா ஆரம்பாக்கம், அப்பால ஆந்திரா. அங்க போயிட்டா தெலுங்குதான் வாசிக்கும், சாமி" என்று ஆறுதல் சொன்னார்.

மணல் லாரி ஒன்றைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டோம். வடக்கே போகப் போக இரண்டு பக்கமும் நெல்வயல். வரதன் ஒன்றையும் பார்க்கவில்லை, வாய்க்குள் பாசுரம் ஓடிக்கொண்டிருந்தது. ஆரம்பாக்கம் ஸ்டேஷன் வாசலில் ஒரு பெண், மீன் கூடையை ஒரு பக்கமும் எங்கள் ஆர்மோனியத்தை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் நைனா, பொட்டி உன்னுதா? எம்மா நேரமா காத்துக்கினு கீறேன். பேஜாரா பூட்ச்சு."

பெயர் கன்னியம்மா. ரோசம்மாவுக்கு அடுத்த தெரு. தங்கவேலு சட்டைப்பையில் கையை விட்டதும் அவள் முகம் சுளித்தது.

"டப்பு யாரு கேட்டா? ரோசம்மா எதோ ஆட்டம் கத்துக்கினு கீறாளாமே. அத்த எங்க ஊருல ஒரு தபா போட்டுக் காட்டிட்டுப் போங்க."

எனக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. திருவள்ளூரில் தலைவர் எதிரில் நிற்பதற்கு முன்னால் ஜனங்கள் உட்காருகிறார்களா இல்லையா என்று தெரிந்துகொள்ளலாமே. ரோசம்மா வீட்டில் சோறு போட்டார்கள். இறாலும் கத்தரிக்காயும் போட்ட குழம்பு. பினாங்கில் மீன்தலைக் கறிக்குப் பேர் போன கடைகளில் வளர்ந்தவள் நான், இருந்தும் மூன்றாம் முறை சோறு வாங்கினேன். வரதனுக்கு இளநீரும் வாழைப்பழமும் கொண்டுவந்து வைத்தார்கள். ஆர்மோனியத்தை மடியிலிருந்து இறக்காமலே சாப்பிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் இரண்டு பெட்ரோமாக்ஸ் வைத்து ஆட்டம். ஊரே வந்து தரையில் உட்கார்ந்துவிட்டது. நான் வழக்கம்போல் மேடையைப் பார்த்து, ஜனங்களுக்கு முதுகைக் காட்டி நின்றேன். கையைத் தூக்கினேன். ரோசம்மா வந்தாள். முதல் அடியைப் பாடினாள். இரண்டாம் அடிக்கு மூச்சு வாங்கினாள்.

"யாரும்மா நீ?" என்று கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் கேட்டார்.

எல்லாருக்கும் அவளைத் தெரியும். அவள் நடந்து பழகிய மண் அது. ஆனால் அந்தப் பக்கத்துக் கூத்தில் வேஷம் போட்டு எவன் வந்தாலும் கட்டியக்காரன் என்கிற ஆள் "யார் நீ, எந்த தேசம், எதற்கு வந்தாய்?" என்று கேட்பான். கேட்டதற்கு அவன் பதில் சொல்வான். அப்புறம்தான் ஆட்டமே நகரும். எங்களிடம் கட்டியக்காரன் இல்லை. அந்தக் குறையை ஊரே நிவர்த்தி செய்தது.

நான் கையைப் பலமாக அசைத்தேன், பாடு, பாடு என்று. ரோசம்மா என் கையைப் பார்த்தாள், பெரியவரைப் பார்த்தாள், பாட்டை நிறுத்தினாள். இரண்டு கையையும் கூப்பி, "நான் பார்வதிங்க. எம் புருஷன் இரும்பு ஃபேக்டரில வேல செய்றாரு. ராத்திரி ஷிப்டுக்குப் போனவரு இன்னும் வூட்டுக்கு வரல" என்று சொல்லிவிட்டாள். மூன்று வருஷமாக ஒரு சொல் வசனம் கிடையாது என்று காப்பாற்றி வந்த நாடகத்தில், இரண்டாம் அடி பிறப்பதற்கு முன்னாலேயே மொத்தக் கதையும் வசனமாக வெளியே வந்துவிட்டது.

அதன்பின் கேட்க வேண்டுமா? தங்கவேலு வந்தான், "நீ யாருய்யா?" அவன் கோர்ட்டுப் பழக்கத்தில் தகப்பன் பெயரோடு சேர்த்துப் பதில் சொன்னான். வரதனையும் விடவில்லை. கடைசியில் என் முதுகுக்குப் பின்னாலிருந்து கன்னியம்மாவின் குரல் வந்தது. "எம்மா பினாங்கு! நீ இன்னா வேசம்? எங்களப் பாத்துத் திரும்பி நின்னுக்கினு சொல்லு. மூஞ்சக் காட்ட மாட்டியா?" மைதானமே சிரித்தது. சிரித்துச் சிரித்து, பாதி நாடகத்தில் சந்தோஷமாக எழுந்து வீட்டுக்குப் போனார்கள். எனக்கு அழுகை வந்தது, அதைக் கோபமாக மாற்றிக்கொண்டேன். எனக்கு அது சுலபம்.

"அக்கா, சொன்னா கேளு" என்றான் தங்கவேலு. "நடு நடுவுல நாலு வசனம் வெச்சிடலாம். ஒரு காமெடியனப் போட்டுடலாம். உங்க தலைவரு வர நேரத்துல இந்த மாதிரி ஆச்சுன்னா மூணு வருஷமும் போச்சுல்ல?"

"வசனம் வைத்தால் அது வேறு நாடகம். அதை நீயே போட்டுக்கொள்" என்றேன்.

ரோசம்மாவிடமும் எரிந்து விழுந்தேன். அவள் தலையைக் குனியவில்லை. "கேட்டா பதில் சொல்லாம எப்டிக்கா இருக்கறது? பெரியவரு கேக்கறாரு. நான் பாட்டுக்குப் பாடிக்கினே இருந்தா திமிருன்னு நெனைக்க மாட்டாங்களா?" என்றாள். அது நியாயமாகப் பட்டதால் என் கோபம் இன்னும் கூடியது.

மறுநாள் ரயில் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் ஊத்துக்கோட்டை வழியாகப் பஸ்ஸில் திரும்பினேன். பஸ் பாதி வழியில் புகை விட்டு நின்றது. டிரைவர் தண்ணீர் தேடிப் போனார். பயணிகள் எல்லாரும் புளிய மரத்து நிழலில் உட்கார்ந்தோம். பினாங்கில் பஸ் நின்றால் ஆளுக்கொரு பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார்கள். இங்கே வேர்க்கடலை விற்கிறவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, "யாரும்மா நீ, எந்த ஊரு?" என்றாள். சொன்னேன். கைக்குழந்தைக்காரி கேட்டாள். சொன்னேன். தண்ணீர்க் குடத்தோடு வந்த டிரைவரும் கேட்டார். அவருக்கும் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று பேருக்கும் நான் என் கோபத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் பதில் சொல்லியிருக்கிறேன். பதில் சொன்ன பின்புதான் அவர்கள் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார்கள், கடலை கொடுத்தார்கள். தெரியாத ஆளோடு இவர்கள் எப்படி ஒரு மணி நேரம் உட்காருவார்கள்? பார்வதி யாரென்று தெரியாமல் அவள் துக்கத்தோடு மட்டும் உட்காருவார்களா?

பஸ் கிளம்புவதற்குள் மெட்டு வந்துவிட்டது. 'யாரம்மா நீ? எந்த ஊர்? எதற்காக நிற்கிறாய்?' மூன்றே கேள்வி, ஏறி இறங்கும் மூன்று வரி. ஒவ்வொரு வேஷமும் வரும்போது கேள்வி பாட்டாக வரும், பதிலும் பாட்டாகப் போகும். வசனம் இல்லை என்ற என் பிடிவாதத்தில் ஒரு நூல்கூடக் குறையவில்லை. அடுத்த ஒத்திகையில் வரதன் கேட்டுவிட்டு, முதல் முறையாக, "இது வீடு வந்து சேர்றது" என்றான். கேள்வி கேட்பது யார் என்ற பிரச்சினை வந்தபோது மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். மேடைக்கு எதிரே நிற்பதை விட்டுவிட்டு, ஓரமாக, ஜனங்களும் பாட்டுக்காரர்களும் இரு தரப்புமே என் முகத்தைப் பார்க்கும்படி நிற்பதென்று முடிவாயிற்று.

அமாவாசைக்கு முதல் நாள் சாயங்காலம், குளத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் நாடகம். தை, ஆடி என்றில்லை, எந்த அமாவாசையானாலும் முதல் நாளே ஜனங்கள் வந்து இறங்கி ஊரில் தங்கி, விடிந்ததும் குளத்தில் முழுகுவார்கள். ஒரு குதிரை வண்டியில் மைக் கட்டி தங்கவேலு ஊரைச் சுற்றினான். "வசனமே இல்லாத நாடகம்! கட்டணமும் இல்லை!" என்று அவன் கத்தியதில் இரண்டாவதுதான் ஜனங்கள் காதில் விழுந்திருக்கும். எனக்கு அது பயமாகவும் இருந்தது. காசு கொடுக்காதவன் சுலபமாக எழுந்து போவான். குளத்தங்கரை வெல்லக் கடையில் ஒரு கட்டு நோட்டீஸ் கொடுத்து, வருகிறவர்களுக்குக் கொடுங்கள் என்றேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால், கடைக்காரர் எங்கள் நோட்டீஸில்தான் வெல்லம் மடித்துக்கொண்டிருந்தார். "எல்லாருக்கும் குட்த்துட்டேம்மா" என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். கும்மிடிப்பூண்டியில் ரோசம்மா ஷிப்ட் மாறும் நேரத்தில் கேட் வாசலில் நின்று, "நான் பாடறேன், வாங்க" என்று மட்டும் சொன்னாளாம்.

தலைவர் பிற்பகலில் வந்து சேர்ந்தார். "டீச்சர், கடைசி ரயிலுக்குப் போய்விட்டு விடிகாலையில் வருவேன், மெட்ராஸில் தங்கியிருக்கிறேன். எவ்வளவு நேரம் ஆடும்?" என்றார். சொன்னேன். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். "அதுவரை ஜனங்கள் இருந்தால் சரி" என்றார்.

மண்டபம் நிறைந்துவிட்டது. முன்னால் நாற்காலிகளில் கோயில் தெருக் குடும்பங்கள், வக்கீல்கள், வெளியூர் யாத்திரிகர்கள். பின்னால் பாயில் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் ஆரம்பாக்கத்திலிருந்தும் வந்த ஃபேக்டரி ஜனங்கள். நடுவில் யாரும் கோடு போடவில்லை, அவர்களாகவே இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். ரோசம்மா திரைக்குப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, "முன்னாடி இருக்கறவங்க எல்லாம் பெரிய எடமாச்சே அக்கா. எம் பாட்டு புடிக்குமா?" என்று கேட்டாள். "பிடிக்க வைப்போம்" என்றேன். சொல்லிவிட்டு என் ஓரத்தில் போய் நின்றுகொண்டேன்.

அவள் வந்து நின்றாள். நான் பாடிக் கேட்டேன், யாரம்மா நீ என்று. அவள் பாடிப் பதில் சொன்னாள். முன்வரிசை அசையாமல் கேட்டது. தங்கவேலு வந்தபோது நான் கேள்விக்காகக் கையைத் தூக்கினேன், வாயைத் திறக்கும் முன்னே பின்பக்கத்துப் பாயிலிருந்து அதே மெட்டில், 'யாரய்யா நீ?' என்று பத்து இருபது குரல் எழும்பியது. ஒரு தடவை கேட்டதுமே பிடித்துக்கொண்டார்கள். வரதன் முறைக்குக் கேள்வி வந்தபோது நாற்காலிகளும் சேர்ந்துகொண்டன. மண்டபம் மொத்தமும் என் கையைப் பார்த்து நிறுத்தியது. என் வாழ்நாளில் அப்படி ஒரு குழுவை நான் நடத்தியதில்லை, இனி நடத்தப் போவதுமில்லை.

ரெண்டாம் சங்கு ஊதியது. பார்வதி வாசலில் உட்கார்ந்தாள். கடைசி வரி ஒரு நீண்ட சுரம். அதை அவள் கொஞ்சம் கொஞ்சமாக மெலியவிட்டாள். ஆர்மோனியம் நின்றது. நான் கையை இறக்கினேன். நாடகம் முடிந்தது.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை, கை தட்டவும் இல்லை. பார்வதி உட்கார்ந்திருந்தாள், ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். வரதன் என் பக்கம் சாய்ந்து, "மங்களம் பாடினாத்தானே முடிஞ்சுதுன்னு தெரியும்? பாடிடட்டுமா?" என்று கிசுகிசுத்தான். வேண்டாமென்று தலையசைத்தேன். புருஷன் வராத பெண்ணின் வாசலில் நின்றுகொண்டு எந்த மங்களத்தைப் பாடுவது?

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார், எழுந்தார், சுற்றிலும் பார்த்தார், மறுபடி உட்கார்ந்தார். நான் அருகே போனதும், "டீச்சர், நம் ஹாலைப் பத்து மணிக்கு வாட்ச்மேன் பூட்டிவிடுவான். இந்த மாதிரி உட்கார்ந்துவிட்டால் அங்கே என்ன செய்வது?" என்றார் கவலையாக. எனக்கு மேடை கிடைத்துவிட்டது என்பதை அந்தக் கவலையிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். குதிக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் குதிக்கிற இடமாக அது இல்லை.

முன்வரிசையில் மடிசார் கட்டிய ஒரு மாமி என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, அவ ஆம்படையான் ஆத்துக்கு வந்தானா, இல்லையா? அதைச் சொல்லிடு. நாங்க எழுந்து போறோம்."

"தெரியாது மாமி. கதை அவ்வளவுதான்" என்றேன்.

"தெரியாதா?" மாமி மேடையில் உட்கார்ந்திருந்த ரோசம்மாவைப் பார்த்தார். "அப்போ அவளைத் தன்னந்தனியா ஒக்கார வெச்சுட்டு நாங்க எப்படிம்மா எழுந்து போறது?"

சொல்லிவிட்டு அவர் எழுந்தார். போகப் போகிறார் என்று நினைத்தேன். புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மேடைப் படியேறி, போல்ட் பொறுக்கும் ஆரம்பாக்கத்துப் பெண்ணின் தோளோடு தோள் படும்படி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். பின்னாலிருந்து பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள்.